மஞ்சள் வெளுக்காத நாள்

என் அண்ணிக்கு வெயிலைக் கண்டால் பயம். சிலருக்குப் பல்லி, சிலருக்கு மேலதிகாரி, அண்ணிக்கு வெயில். அப்படிப்பட்டவருக்கு வாய்த்த வேலையைக் கேட்டால் சிரிப்பீர்கள். சாலையில் கோடு போடும் வேலை. நடுவே ஓடும் வெள்ளைக் கோடு, பள்ளிக்கூட வாசலில் இருக்கும் மஞ்சள் கட்டம், வண்டி நிறுத்தக் கூடாத இடத்தில் ஓரமாகப் போகும் மஞ்சள் வரி, இதெல்லாம் தானாக முளைப்பதில்லை. ஒரு கூட்டம் காலையிலிருந்து பொழுது சாயும்வரை தாரின் மேல் நின்று வேகிறது. அண்ணனும் அண்ணியும் அந்தக் கூட்டத்தில்தான் இருந்தார்கள்.

அண்ணன் கொப்பரைக்காரன். லாரியின் பின்னால் இருக்கும் பெரிய கொப்பரையில் கோட்டுக்கான மாவையும் நிறப் பொடியையும் கொட்டி, அடியில் தீ வைத்து, பாகு பதத்துக்கு உருக்குவான். அண்ணி கயிறுக்காரி. அளந்து, ஆணி அடித்து, சுண்ணாம்பு தடவிய கயிற்றை இழுத்துக் கட்டிச் சுண்டி விடுவார். அந்த அடையாளத்தின் மேல்தான் கோடு போடும் வண்டி போகும். அண்ணியின் கயிறு கோணினால் ஊரே கோணலாகத்தான் ஓட்டும் என்று மேஸ்திரி சொல்வாராம். கயிறு இழுக்காத நேரத்தில் லாரிக்குப் பின்னால் நிழலில் உட்கார்ந்து பொடி சலிப்பதும் அவர்தான். அண்ணன் கொப்பரையைக் கிளறாமல் கயிறுக்காரியையே பார்த்துக்கொண்டு நின்றதில் ஒரு கொப்பரை மாவு அடிப்பிடித்துப் போனது. அன்றைக்கே கல்யாணம் முடிவாகிவிட்டது என்று இன்னமும் கேலி செய்வார்கள்.

வெயில் பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. அண்ணியின் அப்பா கட்டட வேலைக்காரர். அவர் மூக்கின் மேல் ஒரு சின்னப் புண் வந்து ஆறவே இல்லை. வெயில் செய்த வேலை என்றார்களாம் மருத்துவமனையில். மூக்கில் பாதியை எடுத்த பிறகும் அது நிற்கவில்லை. பள்ளிக்கூடம் போகிற வயதில் அண்ணி அதைப் பார்த்துவிட்டார். அது போதாதென்று, கல்யாணத்துக்குப் பிறகு இரண்டு முறை அவருக்குக் கரு தங்கவில்லை. கேட்டவர்கள் எல்லாரும் ஒரே காரணத்தைத்தான் சொன்னார்கள். "நாள் முழுக்க வெயில்ல நின்னா உடம்பு சூடாகாம என்ன செய்யும்? அந்தச் சூட்டுல எப்படித் தங்கும்?" சொந்தக்காரர்கள் சொன்னார்கள், பக்கத்து வீட்டில் சொன்னார்கள், மருந்துக் கடைக்காரர்கூட மாத்திரை எடுத்துக் கொடுத்துக்கொண்டே சொன்னார். அண்ணி மறுத்துப் பேசவில்லை. ஒரே ஒரு முறை என்னிடம், "முகத்த மட்டும் தின்னா பரவாயில்லைம்மா, வயித்தையும் தின்னுடுச்சே," என்றார்.

வேலையை விட்டுவிடலாமே என்று நானும் கேட்டுப் பார்த்தேன். "விட்டுட்டு? உங்க அண்ணன் முகத்தையே பாத்துக்கிட்டு உக்காரவா? அதுக்கு வெயிலே தேவலாம்," என்றார்.

அதனால் தற்காப்பில் இறங்கினார். அண்ணி முகத்தில் தடவிப் பார்க்காத பொருள் சமையலறையில் இல்லை. தேங்காய் எண்ணெய் தடவிப் போனார், வதங்கி வந்தார். நல்லெண்ணெய் தடவினார், சாலைத் தூசி மொத்தமும் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தது. கற்றாழைச் சோறு, அரைத்த வெள்ளரி, சந்தனம் எல்லாம் குளுகுளுவென்று இருந்தன, தோல் கறுத்துக்கொண்டே இருந்தது. கேரட் விதை எண்ணெய் வெயிலை அப்படியே தடுத்துவிடும் என்று யாரோ ஃபோனில் காட்டியதை நம்பி, அதைத் தேடி அலைந்து வாங்கினார். தடுக்கவில்லை. எலுமிச்சைச் சாறு தடவிய நாள்தான் உச்சம். சாறு வழிந்த இடமெல்லாம் கோடுகோடாகக் கொப்புளித்து, ஒரு மாதம் ஆறவில்லை. "அடுப்புக்குப் போறதுக்கு முன்னாடி நானே மசாலா தடவிக்கிட்டுப் போயிருக்கேன்," என்று கண்ணாடி முன்னால் நின்று அழுதுகொண்டே சிரித்தார்.

கடைசியில் கைகொடுத்தது துத்தநாகப் பொடி. குழந்தைகளின் அரிப்புக்குப் போடும் வெள்ளைக் களிம்பில் இருக்குமே, அதுதான். மருந்துக் கடையில் அதைப் பொட்டலமாக வாங்கி, தேன்மெழுகையும் தேங்காய் எண்ணெயையும் உருக்கி, அதில் போட்டு அம்மியில் அரைப்பதுபோல் அரை நாள் அரைப்பார். அதைப் பூசிக்கொண்டு போன பிறகு மூக்கு உரிவது நின்றது. ஆனால் முகம் சுவர்போல் வெளுத்துக் கிடக்கும். கூட்டத்தில் அவருக்குப் ‘பவுடர்’ என்று பட்டப்பெயர் விழுந்தது. அதற்காகத்தான் களிம்பில் கொஞ்சம் செம்மண்ணும் கொஞ்சம் மஞ்சள்பொடியும் சேர்க்க ஆரம்பித்தார். காலையில் பார்த்தால் மனுஷி முகம். ஆனால் மஞ்சள் வெயிலில் நிற்காது. முதல் டீ வருவதற்குள் வெளுத்துப் போய்ப் பழையபடி பவுடர் ஆகிவிடுவார். "மஞ்சளுக்கும் என்னை மாதிரிதான், வெயில் ஆகாது," என்பார்.

எங்கள் வீடு மாடியும் கீழுமாக இருக்கும். அவர்கள் மாடியில், நான் கீழே. என் வீட்டுக்காரர் தூர ஊர்களுக்கு லாரி ஓட்டுபவர், வீட்டில் விருந்தாளி மாதிரி. நான் சீருடை தைக்கும் கூடத்தில் காலர் வைக்கிறேன். எங்களுக்கு ஒரே பெண், நாலு வயது. ஆள் சுண்டைக்காய் அளவுதான் என்பதால் சுண்டு என்று கூப்பிடுவோம். அவளுக்கு நான் அம்மா என்பது பேருக்குத்தான். சாப்பாடு, தூக்கம், சண்டை, சமாதானம் எல்லாம் அத்தையிடம். அத்தை முகத்தில் பூசினால் இவளும் பூச வேண்டும். வேலைக்குப் போகும்முன் படிக்கட்டில் உட்கார்ந்து அண்ணி அவளுக்குக் கன்னத்திலும் மூக்கிலும் களிம்பு இழுத்துவிடுவார். இவள் கட்டைவிரலை வாயில் போட்டுக்கொண்டு கண்ணை மூடி நிற்பாள்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். அதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கோடு போடுகிறவர்கள் வெள்ளைப் பொடியை வெள்ளை என்பார்கள், மஞ்சள் நிறப் பொடியை மஞ்சள் என்பார்கள். அவர்களுக்கு அது போதும். சமையலறையில் இருப்பதற்கும் அதே பெயர்தானே என்று யாரும் யோசித்ததில்லை.

எங்கள் வாசல்படி ஒன்று மற்றதைவிடச் சற்று உயரம். அதில் நான் தடுக்கி விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டேன். "ஊர் ரோட்டுக்கெல்லாம் கோடு போடற, வீட்டுப் படிக்கு ஒரு கோடு போட முடியலையா?" என்று அண்ணனைப் பிடித்து உலுக்கினேன். போடுகிறேன், போடுகிறேன் என்று தட்டிக்கழித்துக்கொண்டே இருந்தான். அந்தச் சமயத்தில் அண்ணியிடம் மஞ்சள்பொடி தீர்ந்துபோனது. அவருக்கு நல்ல சளி, வேலைக்குப் போகவில்லை. அண்ணனுக்கு ஃபோன் செய்து, "வரும்போது மறக்காம மஞ்சள் எடுத்துட்டு வாங்க," என்றார். அண்ணன் கொப்பரைப் பக்கத்தில் நின்றிருந்தான். படிக்குத்தான் கேட்கிறாள் என்று நினைத்தான். காலி டீத்தூள் டப்பா ஒன்றில் மூட்டையிலிருந்து அள்ளிப் போட்டுக்கொண்டு வந்து ஜன்னல் மேல் வைத்தான்.

"மஞ்சள் கொண்டுவந்தீங்களா?"

"ஜன்னல் மேல டப்பாவுல இருக்கு பாரு."

இவ்வளவுதான் பேச்சு. இருவர் சொன்னதிலும் பொய் இல்லை. சளியில் அண்ணிக்கு மூக்கு அடைத்திருந்தது, வாசனை தெரியவில்லை; ராத்திரி விளக்கில் நிற வித்தியாசமும் தெரியவில்லை. மாவுபோல் நைசாக இருந்ததைப் பார்த்து, நல்ல சரக்காக வாங்கி வந்திருக்கிறாரே என்று சந்தோஷப்பட்டாராம். கரண்டியால் எடுத்துப் போட்டுப் புதுக் களிம்பு அரைத்தார்.

மறுநாள் சுண்டுவின் பாலர் பள்ளியில் எல்லாக் குழந்தைகளையும் பூங்காவுக்குக் கூட்டிப் போனார்கள். நாள் முழுக்க வெளியில். அண்ணி வழக்கத்தைவிடத் தாராளமாகவே பூசிவிட்டார், காதுமடல்கூட விடவில்லை. சின்ன டப்பா ஒன்றில் களிம்பைப் போட்டு, அவள் பையில் வைத்து, டீச்சரிடம் மதியம் இன்னொரு முறை பூசிவிடச் சொல்லுமாறு என்னிடம் சொன்னார். நானும் சமர்த்தாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

அன்று அவர்களுக்கு ஒரு பள்ளிக்கூட வாசலில் வேலை. மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால், மறுபடி பூசிக்கொள்வதற்காக அண்ணி லாரியின் பக்கக் கண்ணாடியில் முகத்தைப் பார்த்திருக்கிறார். காலையில் பூசிய நிறம் அப்படியே இருந்தது. முதல் டீ போய், இரண்டாவது டீயும் போன பிறகு, துளி வெளுக்கவில்லை. முதலில் மகிழ்ச்சிதான். வண்டிகளை நிறுத்தக் கொடி பிடிக்கும் பெண் "அக்கா, இன்னைக்குப் பளிச்சுனு இருக்கீங்க," என்று வேறு சொல்லியிருக்கிறாள். அப்போது காலடியில் பார்த்தாராம். அண்ணன் போன வருஷம் போட்ட மஞ்சள் கட்டம் பளிச்சென்று கிடந்தது. வெயில், மழை, லாரிச் சக்கரம் எதற்கும் வெளுக்காத மஞ்சள்.

அண்ணி கைக்குட்டையில் முகத்தைத் துடைத்து, அந்தக் கறையில் கை கழுவும் சோப்பை ஈரத்தோடு தேய்த்தார். சமையல் மஞ்சளில் சோப்புப் பட்டால் சிவக்கும். துணி துவைக்கிற எல்லாருக்கும் தெரியும். இது சிவக்கவில்லை. இன்னும் தேய்த்தார். மஞ்சளாகவே இருந்தது.

கொப்பரையருகே போய், "நேத்து டப்பாவுல என்ன கொண்டுவந்தீங்க?" என்றார்.

"நீ கேட்ட மஞ்சள்தான்."

"எந்த மஞ்சள்?"

"படிக்குப் போடறதுக்கு. நம்ம மூட்டையில இருந்துதான்…" என்று சொல்லிக்கொண்டே அண்ணன் அவர் முகத்தைப் பார்த்தான். கிளறுகிற கம்பி கையிலிருந்து நழுவி விழுந்தது.

எனக்கு ஃபோன் வந்தபோது நான் தைத்துக்கொண்டிருந்தேன். "சுண்டு எங்க?" என்ற குரல் அண்ணியுடையது என்றே தெரியவில்லை. விஷயத்தைச் சொன்னார். என் காலுக்குக் கீழே தையல் எந்திரம் தானாக ஓடிக்கொண்டிருந்தது, நிறுத்தத் தோன்றவில்லை. மஞ்சள் மூட்டையில் மண்டை ஓட்டுப் படம் போட்டிருக்கும் என்று அண்ணன் எப்போதோ விளையாட்டாகச் சொன்னது நினைவுக்கு வந்தது. என் பெண் நாள் முழுக்க விரல் சூப்புகிறவள். டீச்சருக்கு ஃபோன் செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மறுபடி, மறுபடி. ஆட்டோவில் போகும்போதும் அடித்துக்கொண்டே போனேன். ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் அந்த ஓட்டுநரைத் திட்டினேன், அவர் என்ன செய்வார் பாவம்.

பூங்கா வாசலில் அண்ணியும் அண்ணனும் மேஸ்திரியின் பைக்கிலிருந்து இறங்கினார்கள். மூன்று பேரும் ஓடினோம். குழந்தைகள் மரத்தடியில் வட்டமாக உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார்கள். சுண்டுவின் முகம் முழுக்க மஞ்சள். இரண்டாம் முறையும் பூசியாகிவிட்டது. விரலெல்லாம் மஞ்சள், அந்த விரலில் பிஸ்கட். டீச்சர் மூக்கின் மேலும் ஒரு பொட்டு இருந்தது, சுண்டு வைத்துவிட்டாளாம். வேறு நாளாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன்.

"துப்பு, துப்பு," என்று அவள் வாய்க்குள் விரலை விட்டேன். மிரண்டு போய் வீறிட்டாள். அண்ணி அவளை அப்படியே தூக்கிக்கொண்டு குழாயடிக்குப் போனார். மெழுகு கலந்த களிம்பு, லேசில் போகவில்லை. சோப்புப் போட்டுத் தேய்க்கத் தேய்க்க மஞ்சள் நுரை வழிந்தது. "அத்தை வலிக்குது, அத்தை வலிக்குது," என்று அவள் கதற, "இதோ ஆச்சுடா, இதோ ஆச்சு," என்று அண்ணி தேய்த்துக்கொண்டே இருந்தார். தன் முகத்தைக் கழுவ வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. அண்ணன்தான் தண்ணீரை அள்ளி அவர் முகத்தில் அடித்தான்.

மருத்துவமனையில் ஒரு டாக்டரம்மா பார்த்தார். பொறுமைசாலி. நாங்கள் மூவரும் ஒரே நேரத்தில் பேசியதைக்கூடப் புரிந்துகொண்டார். "இந்த மாதிரி மஞ்சள்ல சிலதுல ஈயம் இருக்கும். எல்லாத்துலயும் இல்ல. தோல் வழியா அதிகம் உள்ள போகாது, வாய் வழியா எவ்வளவு போச்சுன்னுதான் பாக்கணும். ரத்தம் எடுக்கறேன்." பிறகு அண்ணனையும் அண்ணியையும் பார்த்து, "நீங்க ரெண்டு பேரும் அந்தப் பொடியிலயே வேலை செய்யறவங்க. உங்களோடதும் குடுத்துட்டுப் போங்க," என்றார். சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்கிறார் என்றுதான் நினைத்தோம். சுண்டுவின் கையில் ஊசி இறங்கியபோது எங்களுக்கு வேறு யார் ரத்தமும் கண்ணில் படவில்லை.

முடிவு வரச் சில நாள் ஆகும் என்றார்கள். அந்த நாள்களை நான் எப்படித் தள்ளினேன் என்று எனக்கே தெரியாது. அவள் தூங்கினால், ஏன் இவ்வளவு தூங்குகிறாள் என்று பயம். தூங்காவிட்டால் அதுவும் பயம். ஒரு வாய் சோறு வேண்டாம் என்றால் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பேன். ஈயம் குழந்தைகளின் மூளையைப் பிடிக்கும் என்று தையல் கூடத்தில் ஒருத்தி சொல்லித் தொலைத்துவிட்டாள். அன்றிலிருந்து சுண்டுவுக்குத் தெரிந்த பாட்டையெல்லாம் காலையும் மாலையும் பாடச் சொல்லிக் கேட்டேன். ஒரு வரி தடுமாறினால் முதலிலிருந்து பாடச் சொல்வேன். அண்ணனோடு பேசுவதை நிறுத்திவிட்டேன். அவனும் என் கண்ணில் படாமல் வாசற்படியில் உட்கார்ந்திருந்தான், அந்தப் படிக்கு இன்னும் கோடு போட்டபாடில்லை.

அண்ணி வேலைக்கே போகவில்லை. சுண்டுவின் பக்கத்திலேயே பாயைப் போட்டுக்கொண்டார். அவர் என்னைத் தேற்றிய விதத்தைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. "இங்க பாரும்மா. அந்த மஞ்சளை எத்தனை வருஷமா நான் சலிக்கறேன்? கட்டி இல்லாம சலிச்சாதான் கொப்பரையில கலக்கும். சலிச்சா மூக்கு, வாய், தலைமுடி எல்லாம் மஞ்சள்தான். சாப்பிடும்போதுகூட நகத்துல இருக்கும். எனக்கு என்ன ஆச்சு? குத்துக்கல்லு மாதிரி இல்ல? இவளுக்கு ஒரு நாள்ல என்ன ஆயிடும்?" அதைக் கேட்கும்போது எனக்குக் கொஞ்சம் மூச்சு வரும். திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அப்போது அடிக்கடி அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுப்பதை, கவலையில் சாப்பிடாமல் இருப்பதால் வந்த வலி என்று நினைத்துக்கொண்டேன்.

இடையில் மேஸ்திரி ஃபோன் செய்தார். அண்ணி இல்லாததால் மஞ்சள் சலிக்க ஆள் வேண்டுமே, யாரைப் போடலாம் என்று கேட்டார். அண்ணி யோசிக்கவே இல்லை. "நம்ம கொடிக்காரப் பொண்ணப் போடுங்க. முழுகாம இருக்கா, வெயில்ல நிக்கக் கூடாது. லாரிக்குப் பின்னாடி நல்ல நிழல். நான் வர்ற வரைக்கும் அவ உக்காந்து சலிக்கட்டும்," என்றார். ஃபோனை வைத்துவிட்டு, "அவளுக்காவது தங்கட்டும்," என்று சுவரைப் பார்த்துச் சொன்னார்.

முடிவு வந்தது என்று கூப்பிட்ட அன்று காலையில் நான்கு பேரும் போனோம். சுண்டுவை என் மடியில் இறுக்கி வைத்திருந்தேன், அவள் "விடும்மா" என்று நெளிந்தாள். டாக்டரம்மா தாளைப் பார்த்துவிட்டு முதலில் என்னிடம்தான் பேசினார். "குழந்தைக்குக் கொஞ்சம் இருக்கு. பயப்படற அளவு இல்ல. நல்லா சாப்பாடு குடுங்க, அடுத்த மாசம் இன்னொரு தடவை பாத்துக்கலாம்."

நான் வாய்விட்டு அழுதேன். வெட்கமே இல்லை. அண்ணனைப் பார்த்து, "உன்ன என்ன பண்றதுன்னே தெரியல," என்றேன். அத்தனை நாளுக்குப் பிறகு நான் பேசியதே அவனுக்குப் போதுமாக இருந்தது, முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தான். அண்ணி சுண்டுவின் உச்சந்தலையில் முகத்தை வைத்தபடி, "நான் சொன்னேன்ல, நான் சொன்னேன்ல," என்று முணுமுணுத்தார்.

டாக்டரம்மா எழுந்திருக்கவில்லை. அடுத்த தாளை எடுத்து வைத்திருந்தார். அதை அண்ணியின் பக்கம் நகர்த்தினார்.

"அந்தப் பொடியை நீங்கதான் சலிப்பீங்களா?"

"ஆமா."

"எங்க உக்காந்து?"

"லாரிக்குப் பின்னாடி, தார்ப்பாய்க்குள்ள. காத்துல பறந்துடும்னு நாலு பக்கமும் இறக்கி விட்டுக்குவேன். வெயிலும் படாது."

"மூக்குல துணி?"

"வெயில்ல கட்டுவேன். நிழல்ல எதுக்கு?"

"வயித்து வலி, தலைவலி?"

"அது இருக்கும். சூடு."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "உங்க வீட்டுக்காரர் ரத்தத்துல கொஞ்சம் இருக்கு. உங்களோடது ரொம்ப அதிகம். நீங்க இன்னைக்கே அந்த வேலையை நிறுத்தணும். மருந்து ஆரம்பிக்கலாம், குறையும். உங்களுக்குக் குழந்தைங்க?"

"ரெண்டு தடவை வந்துச்சு. தங்கல," என்றார் அண்ணி. பிறகு, பாடத்தை ஒப்பிப்பதுபோல், "வெயில்ல நிக்கறதால சூடு," என்றார்.

"யாரு சொன்னாங்க?"

"எல்லாரும்."

டாக்டரம்மா அண்ணியின் தாளை மறுபடி ஒரு முறை பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "இதுதான் காரணம்னு நான் சத்தியம் பண்ண முடியாது. ஆனா இவ்வளவு ஈயம் உடம்புல இருந்தா கரு கலையறதுக்கு வாய்ப்பு அதிகம். வெயில்ல நின்னதால கலைஞ்சிருக்கும்னு நான் நினைக்கல."

"வெயில் இல்லையா?" என்றார் அண்ணி.

அண்ணன் நாற்காலியின் விளிம்பைப் பிடித்திருந்தான். அவன்தான் அந்த மூட்டைகளைப் பிரித்து அவர் முன்னால் வைத்தவன். எனக்கு அவரைத் தொடக்கூடப் பயமாக இருந்தது. இத்தனை வருஷம் முகத்தில் அப்பிக்கொண்டும், துணி சுற்றிக்கொண்டும், ஓரமாய் ஒதுங்கி ஒதுங்கியும் நடந்தவர். அந்த நிழல் வேலையை மேஸ்திரியிடம் சண்டை போட்டு வாங்கியவர். அவர் அழுவார் என்று காத்திருந்தேன். அழவில்லை. முகம் மெல்ல மாறியது. குழாயடியில் சுண்டுவைத் தேய்த்தபோது இருந்த அதே முகம்.

"ஃபோனைக் குடு," என்று என்னிடம் கையை நீட்டினார்.

எண்ணைத் தட்டுவதற்குள் இரண்டு முறை தவறினார். மறுமுனையில் கொடிக்காரப் பெண்ணின் குரல் எங்களுக்கும் கேட்டது. பின்னால் சாலையின் இரைச்சல்.

"எங்க இருக்க?"

"இங்கதான்கா, லாரிக்குப் பின்னாடி. சலிச்சுக்கிட்டு இருக்கேன். இன்னும் அரை மூட்டைதான். சுண்டுவுக்கு எப்படிக்கா இருக்கு?"

"தார்ப்பாய் இறக்கியிருக்கா?"

"நாலு பக்கமும் இறக்கிட்டேன்கா, நீங்க சொல்லிக் குடுத்த மாதிரியே. சில்லுனு இருக்கு. மவராசி, நல்ல வேலை வாங்கிக் குடுத்தீங்க."

அண்ணி எழுந்து நின்றுவிட்டார். ஃபோனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"சல்லடையக் கீழ வை," என்றார். "மூச்ச இழுக்காத. எழுந்திரு. தார்ப்பாயைத் தள்ளிட்டு வெயிலுக்கு வா."